பம்ப் மாற்றும் முன் ஒரு லிட்டர் பாட்டிலை எடுங்கள்

கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். கன்னங்குறிச்சியில் தனி வீடு, தரைத்தளம் மட்டும். மொட்டை மாடியில் சின்டெக்ஸ் டேங்க், அதில் போர் தண்ணீர், டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) 1350. ஆர்.ஓ. மெஷின் வாங்கி மூன்று வருடம். முன்பு ஒரு மணி நேரத்தில் நிறைந்த பத்து லிட்டர் டேங்க் இப்போது நிறைய நான்கு மணி நேரம் ஆகிறது. பம்ப் கடகடவென்று சத்தம் போடுகிறது. சர்வீஸுக்கு வந்தவர் "பம்ப் வீக் ஆயிடுச்சு, 100 ஜி.பி.டி. பெரிய பம்ப் போட்டுடலாம்" என்கிறார் (ஜி.பி.டி. என்பது ஒரு நாளைக்கு எத்தனை கேலன் என்ற கணக்கு). போடலாமா? அப்புறம், ஏற்காட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கும் இதே மெஷின் வாங்கலாமா? அங்கே ஊற்றுத் தண்ணீர், டி.டி.எஸ். 90.

சேலத்தில் பதினாறு வருடமாக இந்த மெஷின்களைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் பம்ப் கெட்டுப்போயிருக்கலாம், ஆனால் அதைக் கடைசியாகத்தான் சந்தேகப்படுவேன். பெரிய பம்ப் இப்போதே வேண்டாம்.

காரணம் புரிய, பம்ப் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். வீட்டு ஆர்.ஓ.வில் இருப்பது டயாஃப்ரம் பம்ப். உள்ளே 24 வோல்ட் டி.சி. மோட்டார் சுற்றும்போது, அதன் தண்டில் சாய்வாக மாட்டிய தட்டு ஆடி ஆடி மூன்று சின்ன ரப்பர் அறைகளை மாற்றி மாற்றி அமுக்கும். அவ்வளவுதான். இந்தப் பம்ப் தண்ணீரைத் தள்ளும், அழுத்தத்தைத் தானாக உண்டாக்காது. தள்ளிய தண்ணீர் வெளியே போக வழி குறுகலாக இருந்தால்தான் அழுத்தம் ஏறும். அந்தக் குறுகல்தான் வேஸ்ட் டியூபில் இருக்கும் எஃப்.ஆர்., அதாவது ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர். விரல் நீளத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய், மேலே 300, 450, 800 என்று ஏதாவது ஒரு எண் இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை மில்லி வேஸ்ட் தண்ணீர் விடும் என்பதுதான் அந்த எண். ஆக, பம்புக்குள் தண்ணீர் தாராளமாக வர வேண்டும், பம்ப் அதைத் தள்ள வேண்டும், எஃப்.ஆர். அதை மறிக்க வேண்டும். மூன்றில் எது தவறினாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: டேங்க் மெதுவாக நிறையும். பழி மட்டும் எப்போதும் பம்ப் மேல் விழும், கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் அது ஒன்றுதான் என்பதால்.

அழுத்தம் குறைந்தால் ஏன் இவ்வளவு மோசமாகிறது என்றும் பார்த்துவிடலாம். உப்புத் தண்ணீருக்கே ஒரு எதிர்ப்பு அழுத்தம் உண்டு. டி.டி.எஸ். ஒவ்வொரு நூறுக்கும் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு). உங்கள் தண்ணீர் 1350-ல் உள்ளே போய், உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பரேனைக் கடக்கக் கடக்க 2000 வரை கெட்டியாகி வேஸ்டாக வெளியேறுகிறது. சராசரியாக 17 பி.எஸ்.ஐ. இந்த எதிர்ப்புக்கே போய்விடும். பம்ப் 80 பி.எஸ்.ஐ. கொடுத்தால் உபயோகத்துக்கு மிஞ்சுவது 63. பம்புக்குப் பிறகு 40 மட்டும் இருந்தால் மிஞ்சுவது 23. அழுத்தம் பாதியாகக் குறைந்தால் நல்ல தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகத்தான் வரும். உப்பு கசிவது மட்டும் பழைய வேகத்திலேயே இருப்பதால், வரும் கொஞ்சத் தண்ணீரிலும் டி.டி.எஸ். கூடும். உங்கள் வீட்டில் சமீபமாகத் தண்ணீர் லேசாகக் கரித்தால் அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

மெம்பரேன் மேல் எழுதியிருக்கும் 75 ஜி.பி.டி. என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். 75 ஜி.பி.டி. என்றால் ஒரு நாளுக்கு 284 லிட்டர், மணிக்குப் பன்னிரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் அந்த எண் 25 டிகிரி வெப்பத்தில், டி.டி.எஸ். 250 இருக்கும் மென்தண்ணீரில், 50-60 பி.எஸ்.ஐ. கொடுத்துச் சோதித்த கணக்கு. கருப்பூர், மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் வெட்டுகிற ஊர் நம்முடையது. கடும்பாறைக்குள்ளே போர் போட்டு எடுக்கும் தண்ணீர் பல இடத்தில் சோப்பு நுரைக்காத தண்ணீர். அந்தச் சோதனைத் தண்ணீர் நம் போரில் வராது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றும் கைபேசியும் போதும். மெஷினை ஓட விட்டு, ஐந்து நிமிடம் கழித்து வேஸ்ட் டியூபைப் பாட்டிலில் விட்டு நிறைய எவ்வளவு நேரம் என்று பாருங்கள். பிறகு நல்ல தண்ணீர் டியூபைக் கழற்றி அதையும் அளந்து பாருங்கள். அது மெதுவாகத்தான் வரும், ஐந்து நிமிடம் பிடித்து அளவைக் குறித்தால் போதும். எஃப்.ஆர். 450 இருக்கும் நல்ல மெஷினில் வேஸ்ட் பாட்டில் இரண்டேகால் நிமிட வாக்கில் நிறையும். நல்ல தண்ணீர் ஐந்தாறு நிமிடத்தில் ஒரு லிட்டர் வரும்.

வேஸ்ட் சரியான வேகத்தில் வருகிறது, நல்ல தண்ணீர் மட்டும் சொட்டுகிறது என்றால் அநேகமாக மெம்பரேனில் உப்புப் படிந்துவிட்டது. எஃப்.ஆர். அடைபடாமல் அந்த அளவு விடுகிறது என்றால் பின்னால் அழுத்தம் இருக்கிறது, பம்ப் தன் வேலையைச் செய்கிறது. நம் ஊர் போர் தண்ணீரில் மூன்று வருடம் ஓடிய மெம்பரேன் என்றால் அதன் ஆயுசு முடிந்ததாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த நிலையில் பெரிய பம்ப் போட்டால் இரண்டு மாதம் தண்ணீர் கூட வரும், அப்புறம் பழைய கதைதான்.

வேஸ்ட் பாட்டில் ஒரு நிமிடத்துக்குள் நிறைந்துவிட்டால் எஃப்.ஆர். இல்லை, அல்லது தவறான அளவு போட்டிருக்கிறார்கள். போன சர்வீஸில் டியூப் மாற்றும்போது பழைய டியூபோடு எஃப்.ஆரையும் சேர்த்து வெட்டி எறிந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்கு மறிப்பே இல்லாதபோது எந்தப் பம்ப் போட்டாலும் அழுத்தம் ஏறாது. இதற்கு ஆகும் செலவு ஒரு சின்ன பாகத்தின் விலைதான்.

இரண்டுமே குறைவு, அதாவது வேஸ்ட் ஒரு லிட்டருக்கு நான்கு நிமிடத்துக்கு மேல், நல்ல தண்ணீரும் சொட்டு என்றால், பம்புக்குத் தண்ணீர் போதாமல் இருக்கலாம், பம்புக்குக் கரண்ட் போதாமல் இருக்கலாம், அல்லது பம்பே தேய்ந்திருக்கலாம். உங்கள் கடகட சத்தத்தைக் கேட்டால் எனக்கு முதலாவதுதான் தோன்றுகிறது. தண்ணீர் பற்றாமல் காற்றையும் சேர்த்து இழுக்கும் டயாஃப்ரம் பம்ப் அப்படித்தான் அடிக்கும்.

உங்கள் வீட்டின் உயரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் பத்து அடி உயரத்தில் இருந்தால் கீழே 4.3 பி.எஸ்.ஐ. கிடைக்கும். தரைத்தள வீடு, மொட்டை மாடியில் மேடை மேல் டேங்க், சமையலறையில் நெஞ்சு உயரத்தில் மெஷின். டேங்கின் அடியிலிருந்து மெஷின் வரை எட்டு ஒன்பது அடிதான் தேறும். நான்கு பி.எஸ்.ஐ.கூட இல்லை. இந்த நான்கை வைத்துக்கொண்டு தண்ணீர் வெளியே அழுக்கை முதலில் பிடிக்கும் ஸ்பன் ஃபில்டர், உள்ளே செடிமென்ட் (வண்டல்) ஃபில்டர், கார்பன் ஃபில்டர், கரண்டில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு எல்லாவற்றையும் கடந்து, கால் இஞ்ச் டியூப் வழியாகப் பம்புக்கு வர வேண்டும். ஸ்பன் புதிதாக இருக்கும்போது வந்துவிடும். அது பழுப்பேறியதும் வராது. பம்ப் இழுக்கும், சத்தம் போடும், டேங்க் நிறையாது.

அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரே வருடத்தில் மூன்றாவது பம்ப். "இதுக்கு மேல ஒண்ணு மாத்தச் சொன்னீங்கன்னா, நான் பானையிலேயே புடிச்சு வெச்சுக்குவேன் தம்பி" என்றார் அந்த அம்மா. அவர் கோபம் நியாயமானது. மூன்று பம்புக்கான பணம் அவர் வீட்டில் சின்னத் தொகை இல்லை. பம்பைத் தொடும் முன்னால் மெஷினைச் சுவரிலிருந்து இறக்கினேன். பின்னால், ஆணிக்கும் மெஷினின் முதுகுக்கும் நடுவில், உள்ளே வரும் வெள்ளை டியூப் மடிந்து நசுங்கியிருந்தது. மடிந்த இடம் வெள்ளையாக வெளுத்துக் கோடு விழுந்திருந்தது. எத்தனை மாதமாக அப்படி இருந்ததோ. ஒவ்வொரு முறையும் பம்பை மாற்ற மெஷினை முன்பக்கமாகத் திறந்திருக்கிறார்கள், பின்னால் யாரும் பார்க்கவில்லை. அரையடி புது டியூப், ஒரு எல்போ. பம்பின் சத்தம் அடங்கி மெல்லிய ரீங்காரமானது. கழற்றிப் போட்ட பழைய பம்ப் ஒன்றை அவர் எடுத்து வைத்திருந்தார், அதன் தலையைத் திறந்து பார்த்தேன். ரப்பர் வால்வுகளில் மாவு மாதிரி வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது, ரப்பர் எதுவும் கிழியவில்லை. சுத்தம் செய்து ஓட்டினேன், ஓடியது. அதை அவரிடமே கொடுத்து ஸ்பேராக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அதனால் உங்கள் மெஷினில் பம்புக்கு உள்ளே போகும் டியூபை மட்டும் கழற்றி, மெஷினை ஆன் செய்து, தானாக எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்று அதே பாட்டிலில் அளந்து பாருங்கள். நல்ல தண்ணீர் 200 மில்லி, வேஸ்ட் 450 மில்லி, ஆக பம்புக்கு நிமிடத்துக்கு 650 மில்லி தேவை. குறைந்தது அந்த அளவாவது தானாக விழுந்தால் பம்ப் நிம்மதியாக ஓடும். முந்நூறு நானூறுதான் விழுகிறது என்றால் ஸ்பன் ஃபில்டரைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஒவ்வொரு ஃபில்டராக நீக்கிப் பார்த்தால் எங்கே நிற்கிறது என்று பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். இங்கேதான் பெரிய பம்பின் ஆபத்து புரியும். 650-க்கே தண்ணீர் வராத இடத்தில் இன்னும் அதிகம் கேட்கும் பம்பை மாட்டினால், அது இன்னும் அதிகமாகக் காற்றைத்தான் இழுக்கும்.

தண்ணீர் வரத்து சரியாக இருந்தால் அடுத்தது கரண்ட். மல்டிமீட்டர் இருந்தால் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் இரண்டு வயரில் வோல்டேஜ் பாருங்கள். சும்மா இருக்கும்போது 24 காட்டும் எஸ்.எம்.பி.எஸ். (வீட்டுக் கரண்டை 24 வோல்ட்டாக மாற்றித் தரும் டப்பா), பம்ப் ஓடும்போது 17, 18-க்கு இறங்கினால் கோளாறு எஸ்.எம்.பி.எஸ்.ஸில். நிறைய நல்ல பம்புகள் இந்த ஒரு டப்பாவால் குப்பைக்குப் போயிருக்கின்றன. 100 ஜி.பி.டி. பம்ப் போட விரும்பினால், பழைய 1.5 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். அதற்கு இழுக்காது, சோலனாய்டு வால்வும் அதே கரண்டில்தான் ஓடுகிறது. 2.5 ஆம்பியர் சேர்த்தே மாற்ற வேண்டும். சந்தையில் 36, 48 வோல்ட் பம்புகளும் உண்டு. 24-க்குப் பதில் 48 மாட்டினால் சோம்பலாகச் சுற்றும், 24 வோல்ட் பம்புக்கு 48 கொடுத்தால் புகைந்துவிடும். வாங்கும்போது லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, பம்புக்குப் பின்னால் டியூபில் மூன்று வழி இணைப்பு போட்டு மாட்டிய பிரஷர் கேஜில் 50 பி.எஸ்.ஐ. கூட ஏறவில்லை என்றால், அப்போது பம்பை மாற்றலாம். 75 ஜி.பி.டி. பம்பே போடலாமா, 100-க்குப் போகலாமா என்றால், உங்கள் தண்ணீருக்கு நான் 100-ஐத்தான் சொல்வேன், ஆனால் சர்வீஸ்காரர் சொன்ன காரணத்துக்காக இல்லை. கடினத் தண்ணீரில் வேஸ்டைக் கொஞ்சம் தாராளமாக விட்டால்தான் மெம்பரேனில் உப்புப் படியாது. தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று 300 எஃப்.ஆர். போடுகிறவர்கள் மெம்பரேனைச் சீக்கிரம் இழக்கிறார்கள். 450-க்குக் குறையாமல் விட்டுக்கொண்டு 80 பி.எஸ்.ஐ. பிடிக்க 75 பம்ப் திணறும், 100 பம்ப் அலட்டாமல் செய்யும். வரத்தைச் சரிசெய்த பிறகு மாட்டினால் 100 நல்ல பம்ப். அதோடு உப்பு படியாமல் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் ஃபில்டர் ஒன்றையும் போட்டுவிடுங்கள்.

பம்பின் தலையில் நடுவில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதை உள்ளே திருகினால் அழுத்தம் ஏறும் என்று சிலர் செய்து காட்டுவார்கள். ஏறும்தான். அது அதிகபட்ச அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்ப்ரிங். அதை இறுக்கினால் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடேறும், கசிவு தொடங்கும், கசிந்த தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கும். தொட விடாதீர்கள்.

இன்னொன்றையும் உடனே பாருங்கள். பம்புக்கு முன்னால் லோ பிரஷர் சுவிட்ச் என்று ஒன்று இருக்கும், தண்ணீர் வராதபோது பம்பை நிறுத்துவதற்காக. தரைத்தள வீடுகளில் நான்கு பி.எஸ்.ஐ.க்கு அந்தச் சுவிட்ச் ஒழுங்காகப் பிடிக்காது, டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். அதற்கு வைத்தியமாக அதன் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி டைரக்ட் கொடுத்துவிடுகிறார்கள். அன்றைக்கு மெஷின் ஓடும். பிறகு ஒரு நாள் மேல் டேங்க் காலியாகி, ராத்திரி முழுக்கப் பம்ப் வறண்டு ஓடும். இந்த ஒரு முறுக்கினால் செத்த பம்புகளை நான் எண்ணிக்கூட வைக்கவில்லை. வயர் முறுக்கியிருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள். குறைந்த அழுத்தத்திலேயே பிடிக்கும் சுவிட்ச் கிடைக்கிறது. முடிந்தால் டேங்க் மேடையை மூன்றடி உயர்த்துங்கள், அல்லது டேங்கிலிருந்து சமையலறைக்குத் தனியாக அரை இஞ்ச் பைப் இழுங்கள். குளியலறை ஷவர் திறக்கும்போதெல்லாம் ஆர்.ஓ. மூச்சுத் திணறுவது அதோடு நிற்கும்.

ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போர் தண்ணீருக்கு வெளி ஸ்பன்னை மாதத்துக்கு ஒருமுறை கண்ணால் பாருங்கள், நிறம் மாறினால் மாற்றுங்கள். கார்பன் மாற்றிய அன்று முதல் சில லிட்டரைப் பம்புக்குள் விடாமல் வெளியே விடுங்கள், கரித்தூள் வால்வில் உட்கார்ந்துவிடும். பம்ப் செடிமென்ட், கார்பனுக்குப் பிறகுதான் இருக்க வேண்டும். முன்னால் மாட்டினால் மணல் அதன் வால்வைத் தின்னும், ஃபில்டர் கோப்பைகளும் அந்த அழுத்தத்துக்குத் தாங்காமல் கசியும். டேங்க் நிறைந்து மெஷின் நின்ற பிறகும் வேஸ்ட் டியூபில் தண்ணீர் ஒழுகினால் சோலனாய்டு வால்வில் தூசு சிக்கியிருக்கிறது. ஊருக்குப் போகும்போது மெஷினுக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டுப் போங்கள்.

மேட்டூர் காவிரித் தண்ணீர் உங்கள் தெருவுக்கு வரும் நாளில் அதைத் தனியாகப் பிடித்து டி.டி.எஸ். பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, ஐ.எஸ். 10500, டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழி இல்லாத இடத்தில் 2000 வரை. காவிரித் தண்ணீரைத் தனித் தொட்டியில் பிடித்து மெஷினை அந்த லைனில் கொடுக்க முடிந்தால், பம்பும் மெம்பரேனும் சொல்லாமலே பல வருடம் கூட உழைக்கும். சம்ப்பில் போர் தண்ணீரோடு கலந்துவிட்டால் அந்த லாபம் போச்சு.

இனி ஏற்காடு. அக்கா வீட்டுத் தண்ணீர் டி.டி.எஸ். 90 என்றால் ஆர்.ஓ. வேண்டாம். எடுக்க உப்பே இல்லாத தண்ணீரில் மூன்று பங்கில் இரண்டைச் சாக்கடையில் விட்டு, மிச்சத்தைச் சப்பென்று ஆக்கிக் குடிக்க எதற்குப் பம்ப்? அங்கே கவலை கிருமியும் கலங்கலும்தான். ஐப்பசி மழையில் ஊற்று கலங்கும், கலங்கல் தண்ணீரில் கிருமியைக் கொல்லும் யு.வி. (புற ஊதா) விளக்கின் ஒளி ஊடுருவாது. ஆகவே முதலில் நல்ல செடிமென்ட் ஃபில்டர், பிறகு யு.எஃப். (மிக நுண்ணிய துளையுள்ள வடிகட்டி), பிறகு யு.வி. காபித் தோட்டம் ஒட்டிய ஊற்று என்றால் மருந்தும் உரமும் கலந்திருக்கிறதா என்று ஒருமுறை குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். டி.டி.எஸ். மீட்டர் அதைக் காட்டாது.

அப்படியும் ஆர்.ஓ. வேண்டும் என்று முடிவு வந்தால், கீழே ஓடும் அதே மெஷின் மேலே குறைவாகத்தான் கொடுக்கும். தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் மெம்பரேன் ஏறக்குறைய 3 சதவீதம் குறைவாக விடும். மார்கழியில் அங்கே குழாய்த் தண்ணீர் 15 டிகிரிக்கு வந்தால் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். அது பம்பின் குற்றமில்லை. ஏற்காடு 1500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கீழே இருப்பதில் 85 சதவீதம் வாக்கில்தான். கீழே உள்ள தொட்டியிலிருந்து பம்ப் இழுக்கும் திறனும் அந்த அளவுக்குக் குறையும். வீட்டை விடப் பள்ளத்தில் தொட்டி இருந்தால் பம்பைத் தொட்டி பக்கத்தில் வைத்து மேலே தள்ள விடுங்கள், மேலே வைத்து இழுக்க விடாதீர்கள்.

ஆனால் மலையில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் இருக்கும். ஊற்றுத் தொட்டி மேட்டில், வீடு சரிவில். நூறு அடி உயர வித்தியாசம் என்றால் 43 பி.எஸ்.ஐ., கரண்ட் இல்லாமலே. முந்நூறு அடி என்றால் 130, அதில் வீட்டு மெஷினின் டியூப் நள்ளிரவில் கழன்று சமையலறை முழுக்கத் தண்ணீர் நிற்கும். அங்கே வாங்க வேண்டியது அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு. அக்காவிடம் சொல்லி, சமையலறைக் குழாயில் ஒரு கேஜை மாட்டி, காலையில் யாரும் தண்ணீர் திறக்காத நேரத்தில் ஒருமுறை, எல்லாக் குழாயும் திறந்திருக்கும்போது ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். திறந்திருக்கும்போதும் பத்து பி.எஸ்.ஐ. நின்றால் யு.வி. மெஷினுக்கு அது போதும், பம்பே வேண்டாம். மூடியிருக்கும்போது நாற்பதைத் தாண்டினால் மெஷின் மாட்டும் முன் வால்வை மாட்டிவிடுங்கள்.